குளிரில் மட்டும் பிடிக்காத எஞ்சின்

மேற்கு ஜெர்மனியில் பனிக்காலம் வந்தால் காரின் பூட்டுத் துவாரமும் உறைந்துபோகும். காலையில் சனங்கள் சாவியை லைட்டரில் சூடாக்கிக் கதவைத் திறப்பார்கள். என் ஊரான எழுவைதீவிலிருந்து இதை வாசிக்கிறவர்கள் நம்பமாட்டார்கள்.

நான் வேலை செய்யும் கராஜுக்கு ஒரு தாதியின் காரை மூன்றாம் முறையாக இழுத்து வந்தார்கள். விடியற்காலையில் அவர் ஆஸ்பத்திரிக்குப் புறப்படும்போது மட்டும் எஞ்சின் பிடிக்காது. எங்கள் கராஜின் வெக்கையில் சற்று நின்றால் உடனே பிடித்துவிடும். பற்றரியிலும் பிளக்கிலும் பிழையில்லை. "நாளைக்குள் கண்டுபிடி. இல்லாவிட்டால் வேறு ஆளை வைப்பேன்" என்றார் முதலாளி. காரை வெளியே குளிரில் விட்டுத்தான் சோதிக்க வேண்டும். அதை ஜெர்மனில் சொல்ல எனக்கிருந்த ஒரே சொல் "கால்ட்", குளிர். காரைக் காட்டி, "கால்ட், கால்ட்" என்றேன். முதலாளி எனக்குத்தான் குளிர்கிறதென்று நினைத்து, தன் பழைய கோட்டைக் கொண்டுவந்து என் தோளில் போட்டார். இந்த நாட்டுக்கு வந்தபின் ஒருவர் என் தோளைத் தொட்டது அன்றுதான். கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

ஊரில், ஊர்காவற்றுறைக்கு ஆட்களை ஏற்றி ஓடிய மரியதாஸ் அண்ணையின் வள்ளத்தில் நான்தான் எஞ்சின் பார்த்தனான். மாரி விடியலில் அது முரண்டுபிடிக்கும். நான் காற்றுப் போகும் வாயை உள்ளங்கையால் பொத்துவேன். காற்றுக் குறைந்து எண்ணெய் கூடுதலாக உள்ளே போகும். அண்ணை கயிற்றை இழுப்பார்.

"கையை எடுக்காதையும், இன்னுங் கொஞ்சம்!"

"ஏலாது அண்ணை, கையை உறிஞ்சுது!"

"ஏலும், பொத்தும்!"

எஞ்சின் பிடித்ததும் வள்ளத்திலிருந்த எல்லோரும் சிரிப்பார்கள்.

இந்தக் காரில் பொத்துவதற்கு வாய் இல்லை. குளிரில் கூடுதல் பெற்றோல் தெளிக்க ஒரு தனிக் குழாய்முனையும், எஞ்சின் தண்ணீரின் சூட்டைப் பார்த்து அதை இயக்க ஒரு சின்னச் சுவிட்சும் இருந்தன. அன்று மாலை தனியாகவே காரைப் பனிக்குள் தள்ளிவிட்டேன். காலையில் தாதி வந்ததும், குழாய்முனையைக் கழற்றிப் போத்தலுக்குள் பிடித்தபடி, சாவியைத் திருப்பச் சொல்லிச் சைகை காட்டினேன். போத்தல் காய்ந்தே கிடந்தது. பற்றரியிலிருந்து நேரே மின்சாரம் கொடுத்தேன், பெற்றோல் சீறியது. முனை நல்லது, சுவிட்ச்தான் பழுது. உறைந்த எஞ்சின் சூடாக இருப்பதாகவே அது எண்ணிக்கொண்டிருந்தது.

புதுச் சுவிட்ச் பூட்டியதும் முதல் திருப்பிலேயே எஞ்சின் பிடித்தது. முதலாளி "குட்" என்றார். அவ்வளவுதான். சேர்ந்து சிரிக்க அங்கே எனக்கு ஒருவரும் இல்லை.

காரை ஓடிப் பார்க்கத் தாதி என்னையும் ஏற்றினார். நான் முன்னால் வலப்பக்கம் இருந்தேன். ஊரில் அது ஓட்டுகிறவரின் பக்கம். முதல் சந்தியில் ஒரு லொறி குறுக்கிட்டது. என் கைகள் இல்லாத ஸ்டியரிங்கைத் தேடின. கால் இல்லாத பிரேக்கை மிதித்தது. தாதிதான் காரை நிறுத்தினார். பச்சை விளக்கு விழுந்து கார் நகர்ந்த பின்னும், என் கால் அந்த வெறும் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது.