ஒற்றை மாடு

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு உழவு மாடு. பக்கத்து நிலத்துத் தெலுங்கு மாமாவிடம் இன்னொன்று. இரண்டையும் ஒரே நுகத்தில் பூட்டி, முதலில் ஒருவர் நிலம், பிறகு மற்றவர் நிலம் என்று உழுவது நகரிப் பக்கம் எங்கள் ஊர் வழக்கம். முதல் உழவுக்கு மாட்டை அனுப்பும்போது கொம்பில் மஞ்சள் பூசி அனுப்புவார்கள்.

அந்த வருஷம், எங்கள் ஊர் ஆந்திராவுக்கா மதராசுக்கா என்று தகராறு வந்தது. என் அப்பா, நைனா, ஒரு மனுவில் கையெழுத்துப் போட்டார், மாமா எதிர் மனுவில் போட்டார். டீக்கடையில் வாய் தடித்து, இனி உன் வாசற்படி மிதிக்க மாட்டேன் என்று இருவருமே சொல்லிவிட்டு வந்தார்கள். வீறாப்பில் மட்டும் அவர்களுக்குள் எல்லையே கிடையாது.

ஆடியில் மழை பெய்தது. விதைக்கு வேர்க்கடலையை உரித்து வைத்திருந்தோம். உரித்த கடலை தாங்காது, மண்ணின் ஈரமும் இரண்டு வெயிலில் போய்விடும். நைனாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. நிலத்துக்குப் போவார், மண்ணைக் கிள்ளிப் பார்ப்பார், வருவார், உட்காராமல் மறுபடி போவார். அம்மா எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. விதைப்பு தப்பினால் வீட்டில் என்ன நடக்கும் என்பது ஒன்பது வயதுப் பெண்ணுக்கே தெரியும்.

மறுநாள் காலை நைனா வெளியே போன நேரம் பார்த்து மாட்டை அவிழ்த்தேன். மாமா வீட்டு வாசலில் நிறுத்தி, “நைனா அனுப்பிச்சாரு மாமா. ஈரம் போய்க்கினு இருக்குதாம்” என்று ஒரே மூச்சில் கொட்டினேன்.

மாமா மாட்டின் வெறும் கொம்பைத் தடவிப் பார்த்தார். “நிஜங்கா நைனாதான் அனுப்பிச்சாரா, அம்மாயி?”

“ஆமா மாமா.”

மஞ்சள் பூச மறந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாட்டிக்கொண்டேன் என்று நின்றேன். மாமா உள்ளே குரல் கொடுத்தார். அத்தை மஞ்சள் குழைத்து வந்து, ஒன்றும் கேட்காமல் கொம்பில் பூசினாள்.

எங்கள் நிலத்தில்தான் முதலில் ஏர் பூட்டினார். நாலு சால் ஓட்டியிருப்பார், நைனா வந்துவிட்டார். எனக்கு எங்காவது ஓடிவிடலாம் போலிருந்தது.

“மாட்ட அனுப்பிச்சியாமே, வந்துட்டேன்” என்றார் மாமா, ஏரை நிறுத்தாமல்.

நைனா கொம்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “ஆமா, நான்தான் அனுப்பிச்சேன்” என்று சொல்லிவிட்டு விதைக்கூடை எடுக்க வீட்டுக்கு நடந்தார்.

இரண்டு பெரிய மனுஷர்களை ஏமாற்றிவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியாத பெருமை. அன்றைக்குப் பொய் சொன்னது நான் ஒருத்திதான் என்று ரொம்ப வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.