நோலீனைச் சுவரில் மாட்டிய கதை

நோலீன் டகெட் பெரிய கெட்டிக்காரி என்று யாராவது சொன்னால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும். அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் அவளைத் தனியாக்கினார்கள்.

நான் பேக்கரி வண்டிக்காரி. நாட்டின் தென்கோடியில், இன்வர்கார்கிலுக்கு வடக்கே, பால் கறக்கும் இயந்திரம் செய்கிற கம்பெனி வாசலில் தினமும் காலையில் வண்டியை நிறுத்துவேன். ஸ்மோகோ, அதாவது டீ இடைவேளை, மணி அடித்ததும் ஆட்கள் சாசேஜ் ரோலும் சீஸ் ஸ்கோனும் வாங்கிக்கொண்டு உள்ளே நீள மேசைக்கு டீ குடிக்கப் போவார்கள். கதவு திறந்தே இருக்கும். அவர்கள் பேச்சு முழுக்க என் காதில் விழும்.

நோலீன் ரப்பர் குழாய் பொருத்துகிறவள். கணவன் ட்ரெவர் செத்துப்போனான், மகள் கடல் தாண்டி பெர்த்தில். வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போனால் திங்கள் காலை வரை அவள் வீட்டில் ரேடியோ மட்டும்தான் பேசும். அந்த மேசைதான் தனக்குக் குடும்பம் என்று அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள், வெட்கப்பட்டுக்கொண்டே.

அந்த மேசையில் யாரும் யோசனை சொல்ல மாட்டார்கள், முணுமுணுப்பார்கள். குளிரில் விறைத்த விரலால் குழாயைப் பிடிக்கிற இந்தக் கிளிப்பைத் திறக்கவே முடிவதில்லை என்று ஒருநாள் நோலீன் அலுத்துக்கொண்டாள். உலோக வேலை பார்க்கிற ராவிரி ஒரு கம்பித் துண்டை வளைத்துக் காட்டினான். அது துருப்பிடித்துச் சாகும் என்று இன்னொருத்தர் கிண்டல் செய்துவிட்டு, வேறு கம்பி எடுத்துவந்தார். அப்படித்தான் புதுக் கிளிப் வந்தது. நாடு முழுக்க விற்றது. அது யாருடையது என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

ஆக்லாந்திலிருந்து வந்த புது மேனேஜர் ஸ்டூவர்ட் கேட்டார். நல்ல மனிதர்தான், அதுதான் வயிற்றெரிச்சல். ராவிரி விளையாட்டாக நோலீனைக் கைகாட்ட, மனிதர் அதை நிஜமென்று எடுத்துக்கொண்டார். வரவேற்பறைச் சுவரில் அவள் படம், ஆளுயரத்துக்கு. கீழே ‘ஆண்டின் சிறந்த மூளை’ என்று எழுத்து. வாசலை ஒட்டி அவள் பேர் எழுதிய கார் நிறுத்துமிடம். இனிமேல் யோசனை உள்ளவர்கள் தங்கள் பேரோடு எழுதிப் பெட்டியில் போட வேண்டும், வருஷத்துக்கு ஒருவர் படம் மாட்டப்படும் என்று அறிவிப்பு வேறு.

எங்கள் ஊரில் ஒரு தலை மட்டும் உயர்ந்து தெரிந்தால் அதை வெட்டிவிட மற்றவர்களுக்குக் கை அரிக்கும். யாரும் சண்டை போடவில்லை. போட்டிருந்தால்கூடத் தேவலை. அவள் வந்து உட்கார்ந்தால் பேச்சு ரக்பிக்குத் தாவிவிடும். “மூளை மேடம் வந்தாச்சு, பாத்துப் பேசுங்கப்பா,” என்றான் ராவிரி ஒருநாள். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். மறுநாளிலிருந்து தன் காரிலேயே உட்கார்ந்து டீ குடித்தாள். பேர் எழுதிய இடத்தில் இல்லை, தள்ளி, வேலியோரம். மழை நாளில் கண்ணாடியில் ஆவி படிந்துவிடும், உள்ளே ஆள் இருப்பதே தெரியாது.

பெட்டி காலியாகவே கிடந்தது. சுவரில் தொங்க யாருக்கு ஆசை?

அடுத்த குளிர்காலத்தில் புது இயந்திரத்தின் வால்வு உறைபனியில் அடைத்துக்கொண்டது. பண்ணைக்காரர்கள் ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பினார்கள். ஸ்கோன் வாங்க வந்த நோலீன், தண்ணீர் எங்கே தேங்குகிறதென்று தெரிகிறது, எப்படி வடிப்பதென்றுதான் தெரியவில்லை என்றாள். மறுநாள் ராவிரி வந்து, வடிக்க வழி இருக்கிறது, எங்கே தேங்குகிறதென்றுதான் பிடிபடவில்லை என்று புலம்பினான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. மறுபாதி ராவிரியிடம் இருக்கிறது, போய்ப் பேசித் தொலை என்று நோலீனிடம் உடைத்தே சொன்னேன். அவள் சில்லறையை வாங்கிக்கொண்டு காருக்குப் போய்விட்டாள்.

அந்த வாரமே ஸ்டூவர்ட் எல்லாரையும் மேசைக்கு அழைத்தார். நோலீன் வந்து ஓரமாக நின்றாள்.

“நோலீன், நீங்கதான் சொல்லணும். எங்க கோளாறு?”

எல்லாரும் அவரவர் கோப்பையையே பார்த்தார்கள்.

“எனக்கு ஒண்ணும் தோணல, ஸ்டூவர்ட்.”

“உங்களுக்கா தோணல?”

“நிஜமா தோணல. அந்தக் கிளிப்பே ஏதோ குருட்டாம்போக்குல வந்தது.”

ஸ்டூவர்ட் வாடிப்போய்த் திரும்பினார். அவர் தலை மறைந்ததும் ராவிரி பெஞ்சில் நகர்ந்தான். “நின்னுக்கிட்டே இருக்கியே, உக்காரு நோல்,” என்றான். அவள் உட்கார்ந்தாள்.

அன்று வண்டியை மூடுமுன் அவளைப் பிடித்துக்கொண்டேன். “தெரிஞ்சுக்கிட்டே ஏன் வாய மூடிக்கிட்ட?”

“சொன்னா வால்வு சரியாகும்,” என்றாள். “அப்புறம் நான் யாரோட டீ குடிக்கறது?”

இப்போது தினமும் மேசைக்குப் போகிறாள். ரக்பி பேசுகிறார்கள், மழை பேசுகிறார்கள். எதைப் பற்றியும் யாரும் முணுமுணுப்பதில்லை. ராவிரியும் அவளும் தோளோடு தோள் இடிக்கத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், வால்வைப் பற்றி இருவரும் வாயே திறப்பதில்லை.