தலைகீழாய் மாட்டிய கதவு

எனக்கு யாரையும் புகழ்ந்து பேச வராது. லோடு வண்டி ஓட்டுகிறவன் வாயில் திட்டுதான் முதலில் வரும். ஆனாலும் அண்ணியைப் பற்றி யாரிடமாவது சொல்லித்தான் ஆகவேண்டும், இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது போலிருக்கிறது.

அண்ணி என்றால் என் கூடப்பிறந்த அண்ணனின் மனைவி. பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு லாட்ஜில் ரிசப்ஷன் வேலை. குறட்டை விடுகிறவருக்கு எந்த அறை, சண்டை போட்டுக்கொண்டே படியேறும் புருஷன் பெண்டாட்டிக்கு எந்த அறை என்று ஆளைப் பார்த்ததுமே சாவியை எடுத்து நீட்டிவிடுவார். அதனால்தான் பூகம்பத்தில் எங்கள் ஆலைக் குடியிருப்பு மொத்தமும் தெருவுக்கு வந்தபோது, பள்ளிக்கூட மண்டபத்தில் திறந்த முகாமை நகராட்சி அதிகாரி அண்ணியின் தலையில் கட்டினார்.

"இத்தனை பேரை எங்க படுக்க வைக்கறதுன்னு உங்களுக்குத்தாம்மா தெரியும்" என்றார். நைசாகக் கழற்றிக்கொண்டார் என்றுதான் நான் நினைத்தேன்.

மண்டபம் என்றால் வெறும் விளையாட்டுக்கூடம். தரையில் போட்டிருந்த வெள்ளைக் கோடுகளையே எல்லையாக வைத்துக்கொண்டு குடும்பங்கள் உட்கார்ந்திருந்தன. புடவை மாற்றக்கூட மறைவில்லை. பெண்கள் அழுதே விட்டார்கள். அண்ணி சுற்றிலும் பார்த்தார்.

"எல்லாரும் அவங்கவங்க வீட்டு வாசக்கதவைக் கழட்டிட்டு வாங்க. வரிசையா நிறுத்தித் தடுப்பு கட்டிடலாம்."

"அண்ணி, வீட்டைத் திறந்து போட்டுட்டு வரச் சொல்றீங்களே, திருடன் வந்தா?"

"பாதி வீட்டுல சுவரே இல்ல தம்பி. திருடன் கதவு வழியாத்தான் வருவானா?"

நான் போய்த் திருப்புளி தேடினேன்.

ஆலைக் குடியிருப்பு இரண்டே வரிசை. நடுவில் தெரு, இரண்டு பக்கமும் ஒரே அச்சில் வார்த்தது மாதிரி வீடுகள். எல்லாக் கதவும் ஒரே அளவு, ஒரே நீலம். ஒரே வித்தியாசம், இந்த வரிசையில் கதவு இடது பக்கம் கீல் வைத்தது, எதிர் வரிசையில் வலது பக்கம். கதவுகளைக் கழற்றுவதற்கு முன்பே எஞ்சினியர்கள் அவசர அவசரமாக வந்து ஒவ்வொரு வீட்டையும் பார்த்துவிட்டு, கதவின்மேல் வண்ணத்தில் ஏதோ போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். சிலதில் பச்சை வட்டம், சிலதில் சிவப்பில் பெருக்கல் குறி. அதற்கு என்ன அர்த்தம் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

கதவுகள் வந்தன. பெஞ்சுகளோடு சேர்த்துக் கட்டி அண்ணி அரைநாளில் மண்டபத்தை லாட்ஜாக ஆக்கிவிட்டார். சும்மா சொல்லக்கூடாது, அன்றைக்குத்தான் ஜனங்கள் கால் நீட்டிப் படுத்தார்கள். எங்கள் தெரு டெய்லரின் பெண்டாட்டிக்கு நிறைமாதம். அவளுக்குக் குழாய்ப் பக்கம் ஒரு மூலை ஒதுக்கினார். அங்கே நிறுத்தியிருந்த கதவில் பெரிய விரிசல் இருந்தது.

"பிள்ளைத்தாச்சிக்கு இதா மறைவு? அந்த நல்ல கதவை இங்க நிறுத்து. இதை அங்க கொண்டு போ" என்றார். இரண்டு பேர் தூக்கி மாற்றினார்கள். இப்படியே நாள்பூராவும் எத்தனையோ கதவை இங்கும் அங்கும் மாற்றினார். யாருக்கு வசதியோ அப்படி.

அப்புறம் ஒரு காலையில் அதிகாரியிடமிருந்து உத்தரவு வந்தது. அண்ணிதான் மைக்கில் சொன்னார். "கதவுல பச்சை வட்டம் இருக்கறவங்க வீட்டுக்குப் போகலாம். சிவப்பு இருக்கறவங்க இங்கயே இருங்க."

ஜனங்கள் திரும்பித் தங்கள் பக்கத்தில் நின்ற கதவைப் பார்த்தார்கள். அவ்வளவுதான். வட்டம் இருந்தவர்களுக்குத் தலைகால் புரியவில்லை. கதவைத் தோளில் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். புத்தி எங்கே போயிற்று என்று இப்போது கேட்பது சுலபம். நாள்கணக்கில் தூங்காத ஜனங்கள், பக்கத்திலேயே நின்ற கதவு, ஒரே நீலம். அது தன்னுடையதுதான் என்று மனசார நம்பினார்கள். டெய்லரையும் அவன் பெண்டாட்டியையும் என் வண்டியில்தான் ஏற்றிப் போனேன், கதவை மேலே கட்டி. மண்டபம் காலியாகக் காலியாக அண்ணிக்கு வாயெல்லாம் பல்.

மறுநாள் மதியம் தண்ணீர் கேன்களும் மெத்தைகளும் கொடுக்க அண்ணியும் நானும் குடியிருப்புக்குப் போனோம். டெய்லர் வாசலில் நின்று சிரித்தான்.

"வாங்கக்கா. குனிஞ்சுதான் பூட்டணும், பரவாயில்லையா?"

அவன் கதவில் தாழ்ப்பாள் கணுக்கால் உயரத்தில் இருந்தது. கதவைத் தலைகீழாக மாட்டியிருந்தான்.

"நிமிர்த்தி வெச்சா கீல் அந்தப் பக்கமா போகுதுக்கா. பூகம்பத்துல நிலை கோணிடுச்சுன்னு நினைக்கறேன். திருப்பிப் போட்டேன், கச்சிதமா உக்காந்துடுச்சு" என்றான் பெருமையாக.

நான் சிரித்துவிட்டேன். அண்ணி சிரிக்கவில்லை. பச்சை வட்டத்தையே பார்த்தார். பிறகு திரும்பி எதிர் வரிசையைப் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் கதவு எதிர் வரிசை வீட்டுக் கதவு. அந்த வட்டமும் எதிர் வரிசை வீட்டுக்குப் போட்ட வட்டம்.

"அவளை வெளிய கூப்பிடு" என்றார் அண்ணி.

"இப்பத்தான்கா கண் அசந்தா. நீங்கதானே மைக்ல போகலாம்னு சொன்னீங்க?"

"சொன்னேன். இது உன் வீட்டுக் கதவு இல்ல. நான்தான் மாத்தி வெச்சேன்."

அண்ணி அவனைத் தள்ளிவிட்டு உள்ளே போனார், நானும் பின்னால் ஓடினேன். பின் அறையில் கட்டிலில் அவள் படுத்திருந்தாள். தலைமாட்டுச் சுவரில் கூரையிலிருந்து தரைவரை பிளவு, அதில் வெளிச்சம் தெரிந்தது. பச்சை வட்டம் போட்டவர்கள் பார்த்துத்தானே போட்டிருப்பார்கள் என்று அதன் கீழேயே ஒரு இரவு தூங்கியிருக்கிறார்கள்.

"எழுந்திரு கண்ணு."

"மறுபடியும் அந்த மண்டபத்துக்கா? என்னால முடியாதுக்கா. நேத்துலேருந்துதான் நிம்மதியா படுக்கறேன். கொஞ்சம் விடுங்களேன்."

அண்ணி குனிந்தார். அவள் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். நான் மறுபக்கம் பிடித்தேன். அவள் திட்டினாள், அழுதாள், நாங்கள் இழுத்துக்கொண்டே வந்தோம். தெருவுக்கு வந்து அவளைத் திண்டு மாதிரி கிடந்த ஒரு மெத்தைக்கட்டின்மேல் உட்காரவைத்துவிட்டு, அண்ணி மற்ற வீடுகளைப் பார்த்துக் கத்தினார். "எல்லாரும் வெளிய வாங்க. வட்டத்தை நம்பாதீங்க." பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். போகச் சொன்னதும் நீதான், வரச் சொல்வதும் நீதானா என்று ஒருத்தர் எரிந்து விழுந்தார். ஆனாலும் அந்தக் குரலைக் கேட்டு வந்துவிட்டார்கள். கடைசி ஆள் படியிறங்கிக் கொஞ்ச நேரம்கூட ஆகியிருக்காது, பூமி ஓர் உலுக்கு உலுக்கியது.

பெரிய உலுக்கல் இல்லை. என் வண்டி ஆடியது, நாய்கள் குரைத்தன, நின்றுவிட்டது. திறந்திருந்த வாசல் வழியாகப் பின் அறையைப் பார்த்தோம். கட்டில் இல்லை. அது இருந்த இடத்தில் செங்கல் குவிந்து புழுதி கிளம்பிக்கொண்டிருந்தது. டெய்லரின் பெண்டாட்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சத்தமே இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணி புழுதியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

எஞ்சினியர்கள் மறுபடி வந்து, இந்த முறை சுவரிலேயே குறி போட்டார்கள். அதிகாரி மைக்கை நீட்டினார், அண்ணி வாங்கவில்லை. பச்சை போட்ட வீட்டுக்குப் போகலாம் என்று அதிகாரியே அறிவித்தார். மண்டபத்தில் ஒருத்தர்கூட எழுந்திருக்கவில்லை. யாருக்கு நம்பிக்கை வரும்? நல்ல வீடு உள்ளவர்களும் தரையிலேயே கிடந்தார்கள். டெய்லருக்கு அங்கேயே பெண் குழந்தை பிறந்தது.

பிறகு அண்ணி ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். சுவரில் பச்சை விழுந்த வீட்டுக்காரர்களில் ஒரு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போவார். அவர்களைத் தெருவில் நிறுத்திவிட்டு, தான் மட்டும் உள்ளே போய்ப் பின் அறையில், விரிசல் இருந்தால் விரிசலுக்கு நேர் கீழே, தரையில் உட்கார்ந்துகொள்வார். நீண்ட நேரம் உட்காருவார். பிறகுதான் வெளியே வந்து, "போங்க" என்பார். அதற்குப் பிறகுதான் ஜனங்கள் வீடு திரும்ப ஆரம்பித்தார்கள்.

ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அண்ணனும் நானும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்போம். ஒருநாள் அண்ணனால் தாங்க முடியவில்லை. வெளியே வந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் கேட்டார்.

"நீ உள்ள இருக்கும்போது இடிஞ்சா என்ன பண்றது? சொல்லு."

அண்ணி புடவையில் ஒட்டிய சுண்ணாம்பைத் தட்டிவிட்டார்.

"இடிஞ்சா அவங்க உள்ள போக மாட்டாங்கல்ல" என்றார்.