நீச்சல் குளம் கேட்ட சர்டிபிகேட்

மகளுக்கு நிக்காஹ் நிச்சயமான அன்று என் மனைவி முதலில் பார்த்தது என் வயிற்றைத்தான். "போட்டோல நீங்க எங்க தெரியப் போறீங்க, தொந்திதான் தெரியும்" என்றாள். மட்டாஞ்சேரியில் மிளகு மூட்டைகளுக்கு நடுவே இருபது வருடம் உட்கார்ந்தே கடை நடத்தியவனுக்குத் தொந்தி வராமல் வேறென்ன வரும்? ஆனாலும் ரோஷம் வந்துவிட்டது. நாலு மாதத்தில் உடம்பை இறுக்கிக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

கடையை என்னோடு சேர்ந்து நடத்தும் தம்பியும் கூட வருகிறேன் என்றான். எனக்கு நீச்சல் மேல் ஆசை. அவன் ஒரே பிடியாக ஜிம் என்றான்.

"நீச்சலடிச்சா மெலியலாம் அண்ணா, அவ்வளவுதான். வெயிட் தூக்கினாத்தான் கை உருண்டு வரும். தண்ணில கெடக்க நாம என்ன கரிமீனா?"

சிரித்துவிட்டு, அவனுக்குத் தெரியாமல் படகேறி எர்ணாகுளத்துக் குளத்துக்குப் போனேன். "நாப்பது கழிஞ்சா டாக்டர் சர்டிபிகேட் வேணும் சேட்டா" என்றார்கள். டாக்டர் ஈசிஜி எடுத்தார். அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார். அத்தா எப்படி இறந்தார் என்று கேட்டார்.

"கேஸ், வாயுத் தொல்லை" என்றேன்.

எங்கள் வீட்டில் அப்படித்தான். நாற்பத்தாறு வயதில் சோற்றுத் தட்டின் முன் சரிந்த அத்தாவுக்கும் கேஸ், அவருடைய அண்ணனுக்கும் கேஸ். பெண் கொடுத்து எடுக்கிற குடும்பத்தில் நெஞ்சு நோய் என்று யார் வாயைத் திறந்து சொல்வார்கள்?

"அது கேஸ் இல்ல. உங்களுக்கும் அடைப்பு இருக்கும்னு சந்தேகப்படறேன். டெஸ்ட் எடுக்கற வரைக்கும் நீச்சல் வேண்டாம், வெயிட்டைத் தொடவே கூடாது. கூடப்பிறந்தவங்களையும் உடனே வரச் சொல்லுங்க" என்றார் டாக்டர்.

நான் சொல்லவில்லை. மாப்பிள்ளை, தம்பி மனைவியின் அண்ணன் மகன். களமசேரிக்காரர்கள். தம்பிக்குத் தெரிந்தால் அவளுக்குத் தெரியும், அவளுக்குத் தெரிந்தால் அன்று சாயங்காலமே களமசேரிக்குப் போய்விடும். என் மகள் கல்யாணம் நின்றுபோகும். முட்டுவலி என்று சொல்லி ஒதுங்கினேன். "நீ போடா" என்று அவனை அனுப்பி வைத்தேன். இந்த வாயால்தான் சொன்னேன், படுபாவி.

ஜிம் எங்கள் தெருவிலேயே ஒரு பழைய கிடங்கின் மாடியில் இருக்கிறது. காலையில் கடை திறக்கும்போது மேலே இரும்பு தரையில் விழும் சத்தம் கேட்கும். சத்தம் கொஞ்சநேரம் நின்றால் எனக்கு மூச்சு நின்றுவிடும். நேரங்கெட்ட நேரத்தில் போன் அடித்தால் எடுக்கக் கை வராது. வீட்டில் எல்லோருக்கும் அவன் தோள்களைப் பார்த்து ஒரே பூரிப்பு. "சித்தப்பாதான் மாப்பிள்ளை மாதிரி இருக்கார்" என்று மகள் கேலி செய்தாள். நேற்று கடையில் ஒரு மூட்டையைத் தூக்கி வைத்தவன் இடது தோளைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். என்னடா என்றேன். பிடிப்பு என்றான். முகம் வெளுத்திருந்தது.

நிக்காஹுக்கு இன்னும் பதினாறு நாள். இன்று காலை பொறுக்க முடியாமல் ஜிம் படி ஏறினேன். அவனைத் தனியே இழுத்துப் போய், டாக்டர் சொன்னது முழுவதையும் சொன்னேன்.

அவன் திடுக்கிடவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்தான்.

"தெரியும் அண்ணா. அந்தக் குளத்துக்கு உங்களுக்கு முந்தியே நான் போயிருந்தேன். எனக்கும் டாக்டர் இதையேதான் சொன்னாரு."

"அப்புறம் எதுக்குடா இங்க வந்தே?"

"இங்க ஒரு பேப்பரும் கேக்கலையே. இது வெளிய தெரிஞ்சா மோளோட கல்யாணம் நடக்குமா? நீங்க முட்டுவலின்னு ஒதுங்கினப்பதான் எனக்கு உசிரே வந்தது. இப்ப நான் நிறுத்தினா ஏன்னு வீட்டுல கேப்பா. கல்யாணம் கழியட்டும், ரெண்டு பேரும் சேர்ந்து டாக்டர்ட்ட போவோம்."

அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. அப்பாடா, கல்யாணம் நிற்காது என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. ச்சீ, நானும் ஒரு அண்ணனா!

அவன் பெஞ்சில் மல்லாந்து படுத்தான். "கொஞ்சம் பிடிச்சுக்கோங்க அண்ணா" என்றான். நான் தலைமாட்டில் போய் நின்று, வெயிட் மாட்டிய கம்பியைத் தூக்கி அவன் கையில் கொடுத்தேன்.