செவ்வாயில் எந்தத் தமிழ்?

எங்கள் விண்வெளிக் கதைப் பத்திரிகையை வாசித்தவர்கள், ஜெர்மனியில் பீலெஃபெல்ட் நகர அகதிகள் விடுதியில் இருந்த எங்கள் ஆட்களும் அக்கம்பக்கத்து ஊர்களில் இருந்த அவர்களின் உறவினரும்தான். ஆனால் அதை வைத்து நடந்த சண்டை ஒரு பெரிய அரசியல் கட்சிக்கே போதும்.

பத்திரிகையைத் தொடங்கியவர் கீழ்மாடியில் இருந்த அண்ணை. யாழ்ப்பாணத்தில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தவர். இங்கே எங்களில் யாருக்கும் வேலை செய்ய அனுமதியில்லை. தேவாலயத்தின் பழைய பொருள் விற்பனையில் ராக்கெட் படம் போட்ட மெல்லிய ஜெர்மன் கதைப் புத்தகங்கள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு அவற்றை வாசித்தே அண்ணை மொழி பழகினார். காய்ச்சலென்று வைத்தியரிடம் போனவர், தன்னுடைய எரிபொருள் தீர்ந்துவிட்டதென்று சொன்னாராம். வைத்தியர் சிரித்துக்கொண்டே மருந்து எழுதிக் கொடுத்தார்.

நான் ஊரில் உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படித்தவள். எனக்கும் அந்தப் புத்தகப் பைத்தியம் பிடித்தது. என் கணவருக்கோ கதை என்றாலே நித்திரை வந்துவிடும். ஒருநாள் அண்ணை கேட்டார்.

"தங்கச்சி, உம்மட கையெழுத்து அச்சு மாதிரி இருக்கு. நாங்களும் தமிழிலை ஒண்டு செய்வமே?"

அனுமதிக் கடிதம் இல்லாமல் நாங்கள் மாவட்ட எல்லையைக்கூடத் தாண்ட முடியாது. முதல் இதழிலேயே வியாழனுக்கு அப்பால் போய்விட்டோம். தேவாலய அலுவலகத்தில் நகலெடுத்துத் தந்த அம்மையார், அட்டையில் நான் வரைந்த ராக்கெட்டை உற்றுப் பார்த்து, "உங்கள் கோயில் கோபுரம் எவ்வளவு அழகு!" என்றார். இல்லையென்று சொல்ல மனம் வரவில்லை.

பொங்கல் கூட்டத்துக்கு பான் நகரத்திலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவர் வந்திருந்தார். மதுரைப் பக்கத்துக்காரர், பௌதிகம். எங்கள் இதழை நின்ற இடத்திலேயே வாசித்து முடித்தார். "மேடம், சூப்பரா இருக்கு. சயின்ஸ் மட்டும் நான் செக் பண்ணித் தர்றேனே?" என்றார். அண்ணைக்கு வாயெல்லாம் பல். தன்னுடைய செவ்வாய்ப் பயணத் தொடர்கதையின் அடுத்த பகுதியை அவருக்குத் தபாலில் அனுப்பினார்.

திரும்பி வந்த தாள்கள் முழுவதும் சிவப்பு மை. விண்வெளியில் கப்பல் வெடித்த இடத்தில் 'இடிபோன்ற ஓசை' வெட்டப்பட்டிருந்தது; காற்றில்லாத இடத்தில் ஓசை கேட்காதாம். அதோடு விட்டாரா? கப்டன் சொன்ன 'ஓம்' எல்லாம் 'ஆமாம்' ஆகியிருந்தது. 'வாறன்' எல்லாம் 'வருகிறேன்'.

விடுதி நடையில் இருந்த தொலைபேசியில் யுத்தம் தொடங்கியது. பக்கத்து அறைக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

"சத்தமில்லாமல் வெடிச்சால் ஆர் பயப்பிடுவினம்? அதை விடும். செவ்வாயிலை ஆர் ஐசே 'ஆமாம்' எண்டு சொல்லுறது?"

மறுமுனைக் குரல் எனக்கே கேட்டது. "சார், எல்லாத் தமிழருக்கும் புரியணும்ல?"

"அப்ப நீங்கள் எங்கட தமிழைப் படியுங்கோவன்!"

பானில் இரண்டாவது பத்திரிகை பிறந்தது. ஆனால் அந்த மாணவரின் கையெழுத்து, மையில் விழுந்த எறும்பு எழுந்து நடந்ததுபோல் இருக்கும். ஆகவே அதையும் எழுதித் தரும்படி என்னையே கேட்டார். இரண்டு பத்திரிகையும் என் கையெழுத்திலேயே வெளிவந்தன. "ரெண்டு பக்கத்துக்கும் ஆயுதம் செய்து குடுக்கிறது நீர்தான்" என்றார் கணவர்.

பான் இதழில், வெற்றிடத்தில் வெடிச்சத்தம் கேட்டு ஓடி ஒளியும் ஒரு ரேடியோ மெக்கானிக் வந்தார். பதிலுக்கு அண்ணையின் கதையில் ஒரு பேராசிரியர் செவ்வாயில் இறங்கி, எதைக் கேட்டாலும் "ஆமாம், ஆமாம்" என்றார். செவ்வாய்வாசிகள் ஓடிப்போய் ஓர் ஆமையைத் தூக்கி வந்து அவர் கையில் கொடுத்தார்கள். அதைப் பிரதி பண்ணும்போது நான் சிரித்த சிரிப்பில் தாளில் மை கொட்டியது. விடுதிச் சமையலறையிலும் ஓம் கட்சி, ஆமாம் கட்சி என்று இரண்டு அடுப்புகள் பிரிந்தன.

அந்த நேரத்தில் நானும் ஒரு கதை எழுதியிருந்தேன். வியாழனின் சந்திரன் ஒன்றில் முருங்கை வளர்க்கும் பெண்ணைப் பற்றியது. இரண்டு பேரிடமும் கொடுத்தேன். மற்றவருக்குக் கொடுக்காவிட்டால் போடுகிறோம் என்று இருவரும் சொன்னார்கள். எனக்குக் கோபம் வந்தது. "ரெண்டு பேரும் ஒரு மேசையிலை இருந்து கதைக்கும் வரைக்கும் நான் ஒருத்தருக்கும் எழுதேன்" என்று பேனாவை மூடிவிட்டேன்.

அண்ணை மாவட்டத்தைத் தாண்ட முடியாதவர் என்பதால் பான்காரர் ரயிலேறினார். பனி கொட்டிய ஒரு சனிக்கிழமை மதியம், தொப்பியெல்லாம் வெள்ளையாகச் சமையலறை வாசலில் நின்றார். அண்ணை மடிப்புக் கலையாத சட்டையோடு எழுந்து, "வாங்கோ, இருங்கோ" என்று சொல்லிவிட்டு யன்னலைப் பார்த்தார். பேச்சைத் தொடங்கிவைக்க என் கதையின் முதல் பக்கத்தை வாசித்துவிட்டுத் தாள்களை மேசையில் வைத்தேன்.

"முருங்கைக்கு அங்க வெளிச்சம் ஏதுங்க மேடம்?" என்றார் பான்காரர்.

"அதைத்தான் நானும் நினைச்சனான்" என்றார் அண்ணை. "சூரியன் அங்கை ஒரு பொட்டுத்தான்."

"கரெக்ட் சார். ஒரு இலைகூட வராது."

"இலை வராட்டில் காய் எப்பிடி வரும்?"

எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு இருவரும் ஒரே கருத்தில் நின்றார்கள், அதுவும் எனக்கு எதிராக! "ரெண்டாம் பக்கத்திலை விளக்குப் பூட்டியிருக்கிறன். ஒழுங்கா வாசியுங்கோ!" என்று கத்தினேன். இருவரும் அவசரமாகத் தாளைப் புரட்டினார்கள். அடுப்படியில் நின்ற கணவர் சிரிப்பை அடக்க முடியாமல் கரண்டியை வைத்துவிட்டு வெளியே போனார்.

சோறும் மீன்குழம்பும் சாப்பிட்ட பிறகு சமாதானம் எளிதாக வந்தது. வெடித்த கப்பலின் துண்டுகள் மற்றக் கப்பலில் வந்து மோதினால் உள்ளே இருப்பவர்களுக்குச் சத்தம் கேட்கும்தானே என்றார் அண்ணை. பான்காரர் குழம்புக் கையோடு யோசித்து, "கேட்கும் சார். நல்லாவே கேட்கும்" என்றார். கப்டன் யாழ்ப்பாணத்தவர், அவர் ஓம் என்பார். வழிகாட்டி மதுரைக்காரர், அவர் ஆமாங்க என்பார் என்றும் முடிவாயிற்று. இணைந்த பத்திரிகையின் முதல் கதை என்னுடையது. முருங்கை நன்றாகக் காய்த்தது.

சண்டை அதோடு நிற்கவில்லை. முகவரி மட்டும் ஒன்றானது. சில காலத்துக்குப் பிறகு அண்ணைக்கும் எங்களுக்கும் வதிவிட அனுமதி கிடைத்தது. எங்கே போகப் போகிறீர்கள் என்று எல்லோரும் அண்ணையைக் கேட்டார்கள். பாரிஸில் அவருடைய சொந்தத் தங்கச்சி இருந்தாள். அண்ணை முதலில் பானுக்குத்தான் ரயிலேறினார். நாங்களும் கூடப் போனோம். ரயில் நிலைய மேடையில் காத்திருந்த பான்காரர் வணக்கம் சொல்லுமுன்பே, "சார், உங்க காலப்பயணக் கதையில ஒரு தப்பு இருக்கு" என்று தொடங்கினார். அண்ணை பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சட்டைக் கையை மடித்துக்கொண்டார்.

அவர்களை அங்கேயே விட்டுவிட்டு நானும் கணவரும் ரைன் நதியைப் பார்க்கப் போனோம்.