ஓரத்தில் எழுதிய 'இருக்கட்டும்'

அச்சகத்தில் அவருக்குப் பெயர் 'புள்ளி'. பிழை திருத்தும் வேலையில் இருபத்திரண்டு ஆண்டுகள். சாப்பாட்டுக் கடையின் விலைப்பட்டியலைக்கூடத் திருத்திக் கொடுத்துவிட்டுத்தான் கை கழுவப் போவார். ஒரு சொல்லை அடித்தபின் அடித்தது தவறென்று பட்டால், அதன் அடியில் வரிசையாகப் புள்ளி வைத்து ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதுவார். யாரும் கை வைக்கக் கூடாது என்று அர்த்தம். பட்டப்பெயர் அதனால் வந்தது.

மனைவி கணக்கு டீச்சர். கல்யாணமாகிப் பதினொரு ஆண்டு கழித்து, முப்பத்தொன்பது வயதில் உண்டாகியிருந்தாள். பன்னிரண்டாவது வாரத்து ரத்தப் பரிசோதனை, குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்க முப்பத்திரண்டில் ஒரு வாய்ப்பு என்றது.

"முப்பத்தொண்ணு நம்ம பக்கம்," என்றார் அவர்.

"கணக்கு டீச்சர்கிட்டயேவா? தெரியாம பயப்படுறதவிடத் தெரிஞ்சு பயப்படலாங்க."

பதினாறாவது வாரம் ஊசி வழியாகப் பனிக்குட நீரை எடுத்துப் பார்த்தார்கள். பன்னிரண்டாம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை, முடிவு வந்தது. டவுன் சிண்ட்ரோம்தான்.

டாக்டரம்மா ஒன்றே கால் மணி நேரம் பேசினார். "வேணுமா வேண்டாமான்னு நான் சொல்ல மாட்டேன். எது கேட்டாலும் மறைக்காம சொல்றேன். ஒரு வாரம் யோசிங்க."

வீட்டுக்கு வந்ததும் அவர் அறிக்கையை மேசையில் விரித்தார். தலைப்பில் 'பரிசோதணை' என்று இருந்தது. சிவப்புப் பென்சிலை எடுத்து மூன்று சுழியை அடித்து, ஓரத்தில் இரண்டு சுழி 'ன' போட்டார். கை தானாகச் செய்த வேலை.

"இங்க என் உசுரு போகுது, உங்களுக்கு ரெண்டு சுழி மூணு சுழியா? என் வயித்துல இருக்கறது என்ன, உங்க புரூஃபா?"

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். "பயந்தா எனக்கு இது ஒண்ணுதான் செய்யத் தெரியும்."

அதற்குப் பிறகு இருவரும் மனம்விட்டுப் பேசினார்கள். இருதயத்தில் ஓட்டை இருந்தால்? நமக்கப்புறம் யார் பார்ப்பார்கள்? சிலவற்றுக்குப் பதில் கிடைத்தது, சிலவற்றுக்குக் கிடைக்கவில்லை. "உங்க மனசுல என்னதான் இருக்கு?" என்று அவள் கேட்டபோதெல்லாம் அவர் அறிக்கையை எடுத்து மறுபடி முதல் வரியிலிருந்து படித்தார்.

ஆறாம் நாள் காலை, பள்ளிக்குக் கிளம்பும்போது அவள் அறிக்கையைப் பார்த்தாள். 'கரு' என்ற சொல்லின் அடியில் கறுப்புப் பென்சிலில் வரிசையாகப் புள்ளிகள். ஓரத்தில் 'இருக்கட்டும்?' என்று கேள்விக்குறியோடு. எழுதியவரைக் கேட்காமல் அவர் எந்தத் திருத்தத்தையும் முடிப்பதில்லை.

அவள் கைப்பையிலிருந்து ரப்பரை எடுத்தாள். கேள்விக்குறியை மட்டும் அழித்துவிட்டுப் பேருந்துக்கு ஓடினாள்.

மகளுக்கு இப்போது ஒன்பது வயது. இரண்டு வயதில் இருதய அறுவை சிகிச்சை நடந்தது. பேச்சு தாமதமாக வந்தது, பிடிவாதம் சீக்கிரமே வந்தது. போன மாதந்தான் மூன்று சுழி 'ண' எழுதக் கற்றாள். ஆரம்பித்தால் நிறுத்துவதில்லை, பக்கம் முடியும்வரை சுழிக்கிறாள்.

"என்ன சார், பென்சில் எடுக்கலையா?" என்றாள் மனைவி.

"பொறு. ஏழாவது சுழி நல்லா வந்துட்டிருக்கு."