பொன்னழகு கால் வைத்த கடைகள்

திண்டுக்கல்லில் ஒருவர் கடை திறக்கிறார் என்றால் அந்தத் தெருவே கல்யாண வீடாகிவிடும். வாழைமரம் கட்டுவார்கள், சீரியல் பல்பு போடுவார்கள், ஸ்பீக்கர் போடுகிற சத்தத்தில் மலைக்கோட்டையிலிருந்து ரெண்டு பாறை உருண்டு விழும். அதே கடையை மூடும்போது ஒரு காக்காய்க்குக்கூடச் சொல்ல மாட்டார்கள். ஒருநாள் பார்த்தால் ஷட்டர் இறங்கியிருக்கும். அவ்வளவுதான்.

அப்படி ஓசைப்படாமல் இறங்கிய பல ஷட்டர்களுக்கு உள்ளே நின்றவன் எங்கள் ஊர் எரியோட்டுப் பொன்னழகு. வெளியே டெம்போவோடு நின்றவன் நான். நான் அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். அவன் ப்ளஸ் டூ. அதனால் அவன் வேலை தேடினான், நான் வேலை பார்த்தேன்.

பொன்னழகு முதலில் படித்தது டைப்ரைட்டிங். தொண்ணூத்தஞ்சு வாக்கில் ஹையர் பாஸ் செய்தான். சும்மா பாஸ் இல்லை. அவன் மாடியில் டைப் அடித்தால் கீழே பஸ் ஸ்டாண்டில் தூங்குகிறவன் மழை பிடித்துவிட்டது என்று எழுந்து ஓடுவான். அந்த வேகத்தைப் பார்த்து, படித்த இன்ஸ்டிட்யூட்டிலேயே அவனை வாத்தியாராகப் போட்டார்கள். அவன் நாற்காலி சூடாவதற்குள் எதிர்மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் வந்துவிட்டது. பிள்ளைகள் எல்லாம் ஒரு மாடி இறங்கி மறு மாடி ஏறிவிட்டார்கள். முதலாளி சாவியை இவன் கையில் கொடுத்து, "தம்பி, சாமான ஏறக்கட்டிரு. என்னால நின்னு பாக்க முடியாது" என்று துண்டை வாயில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஏறக்கட்டுவதில் பொன்னழகு கெட்டிக்காரன். மெஷின்களைக் கோர்ட்டு வாசலில் மரத்தடியில் உட்கார்ந்து டைப் அடிக்கிறவர்களுக்குக் கொடுத்தான். மேஜைகள் ஒரு இட்லிக் கடைக்குப் போயின. இன்றைக்கும் அந்தக் கடையில் சாம்பார் வாளி வைத்தால் மேஜை லேசாக ஆடும், பழைய ஞாபகம்.

அடுத்து வீடியோ கேசட் வாடகைக் கடையில் சேர்ந்தான். கேபிள்காரன் வீட்டுக்குள்ளேயே படத்தைக் கொண்டுவந்து கொட்ட ஆரம்பித்தான். கேசட் எடுக்க வந்த கூட்டம், கடையில் மணி என்ன என்று கேட்கக்கூட வரவில்லை. மறுபடி சாவி, மறுபடி துண்டு, மறுபடி என் டெம்போ. கேசட் அடுக்கிய ராக்குகளைச் செருப்புக் கடைக்கு இறக்கினோம்.

"எல்லாம் எங்கிட்டு ஓடுதோ அங்கிட்டே ஓடிருவோம்டா" என்று, கடைசியில் கம்ப்யூட்டர் சென்டரிலேயே போய்ச் சேர்ந்தான். அங்கே ஏசி உண்டு. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். கோயிலில்கூட எங்கள் ஆட்கள் அம்புட்டு பயபக்தியாகச் செருப்பைக் கழற்றியதில்லை. மூன்றே மாதம் படித்தால் அமெரிக்கா என்று போர்டு வைத்திருந்தார்கள். பொன்னழகுக்கு ஏசி பழகி, சித்திரை வெயிலில் எரியோட்டுக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வருவான். அப்புறம் அமெரிக்காவில் எவனெவனோ கடையை மூடினானாம். இங்கே படித்த பிள்ளைகள் வாசலில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு அப்படியே மில்லு பஸ் ஏறிவிட்டார்கள்.

அதோடு ஊர் ஒரு முடிவுக்கு வந்தது. கேபிளும் இல்லை, அமெரிக்காவும் இல்லை. எல்லாம் பொன்னழகு காலால் வந்தது. அவன் கால் வைத்த கடை விளங்காது.

எங்கள் பக்கம் கடைக்காரர்களுக்குப் போணிதான் உயிர். காலையில் முதல் வியாபாரம் யார் கையால் நடக்கிறதோ அப்படித்தான் அன்றைய நாள் என்பார்கள். ராசியான ஆள் வரும்வரை வெற்றிலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே காத்திருப்பார்கள். பொன்னழகு காலையில் ஒரு ஷாம்பு பாக்கெட் வாங்கப் போனால், "அப்பு, செத்த நேரம் நில்லு, இன்னும் போணியாகல" என்பார்கள். அந்தச் செத்த நேரம் மத்தியானச் சாப்பாடு வரைக்கும் போகும். பாவி, அந்த வருஷமெல்லாம் அழுக்குத் தலையோடுதான் திரிந்தான்.

தலையில் ஷாம்பு இல்லாததைவிடப் பெரிய கஷ்டம் ஒன்று இருந்தது. அவனுடைய தாய்மாமன் பொன்னுத்துரை. தக்காளித் தோட்டம், மூணு பக்கம் முறுக்கிய மீசை, அதுபோக தீபா என்று ஒரு மகள். தீபாவுக்கும் பொன்னழகுக்கும் ஒருவரை ஒருவர் பிடிக்கும் என்பது எரியோட்டு நாய்களுக்குக்கூடத் தெரியும். தீபா தையல் மெஷின் வைத்திருந்தாள். துணியைவிட ஆட்களைத்தான் நன்றாக வெட்டித் தைப்பாள்.

கம்ப்யூட்டர் சென்டர் மூடிய அன்று மாமன் அவனைக் கூப்பிட்டார்.

"ஏப்பா மாப்ளே, கடைசியா என்ன சோலி பாத்த?"

"கம்ப்யூட்டரு மாமா."

"அது என்னாச்சு?"

"மூடிட்டாக மாமா."

"அதுக்கு முன்னாடி?"

"அதுவும் மூடிட்டாக மாமா."

மாமன் மீசையை நீவினார். "இங்க பாரு. ஒரு பொங்கல்ல இருந்து மறுபொங்கல் வரைக்கும் ஒரே சோலியில நின்னு காட்டு. பொண்ணத் தாரேன். இல்லைன்னா வேற எடம் பாத்துருவேன். மில்லு சூப்பர்வைசர் ஒருத்தரு நாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டு அலையிறாரு."

"நாக்குக்கும் சேத்து யூனிபாரம் தைக்கணும்ப்பா" என்று உள்ளேயிருந்து தீபா குரல் கொடுத்தாள்.

ஒரு பொங்கலிலிருந்து மறுபொங்கல். ஒரு கரும்புக்கு இருக்கிற ஆயுசு. அதைக்கூட ஒரு வேலையும் அவனுக்குக் கொடுக்கவில்லை.

அந்தச் சமயம் திண்டுக்கல்லில் வெளியூருக்குப் போன் பேசுகிற எஸ்டிடி பூத்துகள் கொடிகட்டிப் பறந்தன. அதில் ஒன்று சோலையம்மாளுடையது. அந்தம்மாள் வாய்க்கு வரி போட்டால் முனிசிபாலிட்டிக்கு வேறு வருமானமே தேவைப்படாது. ஆள் கிடைக்காமல் பொன்னழகைச் சேர்க்கச் சம்மதித்தது. ஆனால் ஒரு நிபந்தனை.

"வாசல் வழியா வரப்படாது. ஒன் காலு ஏ வாசப்படியில படவே படாது. பின்னாடி சன்னல் இருக்கு, அது வழியா வா."

"அக்கா, சன்னல்ல கம்பி இருக்கே."

"அறுத்துருவோம்."

அறுத்தார்கள். இஸ்திரி போட்ட பேண்ட்டோடு தினமும் காலையில் பொன்னழகு ஜன்னல் வழியாக வேலைக்குப் போனான். முதலில் ஒரு கால் வரும், அப்புறம் இன்னொரு கால், கடைசியாக டிபன் பாக்ஸ். வரிசையில் நின்றவர்கள் திருடன் என்று ரெண்டு தடவை நூறுக்குப் போன் போட்டார்கள். நூறுக்குப் பில் கிடையாது, சோலையம்மாளுக்கு அதிலும் நஷ்டம்.

ஆனால் செல்போன் ஜன்னல் வழியாகவும் வரவில்லை, வாசல் வழியாகவும் வரவில்லை. ஒவ்வொருத்தன் சட்டைப் பையிலும் வந்தது. எதிர்த்தாற்போல் கிதர் முகம்மது பாய் செல்போன் கடை போட்டார். போட்ட வாரமே பொன்னழகுக்குப் பிரியாணிப் பொட்டலம் கொடுத்து அனுப்பினார். "தம்பி, நீங்க அங்கிட்டே சந்தோசமா இருங்க. எங்கிட்டும் போயிராதீங்க" என்று சொல்லியும் விட்டார். எதிர்க்கடையில் பொன்னழகு இருப்பதைவிட நல்ல விளம்பரம் உண்டா!

அந்த மார்கழியில் சோலையம்மாள் சாவியை ஜன்னல் வழியாகவே நீட்டியது. அன்றைக்கு மட்டும் திட்டவில்லை. அதுதான் பொன்னழகைப் பயமுறுத்தியது. நேராகப் பாய் கடைக்கு ஓடினான். அவன் ரோட்டைக் கடப்பதைப் பார்த்ததுமே பாய் பாதி ஷட்டரை இறக்கிவிட்டார்.

"பாய், ஒரு வேல குடுங்க. ஒரே ஒரு வருசம்."

பாய் குனிந்து ஷட்டருக்குக் கீழே முகத்தை மட்டும் காட்டினார். "தம்பி, எனக்கு இந்த ராசியில எல்லாம் நம்பிக்கையே கெடையாது. ஆனா என் கடைக்கு இருக்குமோன்னு பயமா இருக்கு."

பொன்னழகு வந்து என் டெம்போவில் உட்கார்ந்தான். பின்னால் சோலையம்மாளின் கண்ணாடிக் கூண்டு நின்றது. ஆள் உள்ளே நின்று பேசுகிற கூண்டு, மஞ்சள் எழுத்தோடு. பொங்கலுக்குப் பத்து நாள்கூட இல்லை. இந்தப் பொங்கலுக்குள் ஒரு வேலையில் உட்காராவிட்டால் மறுபொங்கல் கணக்கே கிடையாது, சூப்பர்வைசர் மாலையோடு வந்துவிடுவார்.

ரவிக்கைக்குக் கொக்கி வாங்க வந்த தீபா எங்களைப் பார்த்துவிட்டாள். "என்ன மச்சான், எழவு வீட்டு வண்டி மாதிரி நிக்கிது?"

"பூத்தும் போச்சு தீபா."

"இந்தக் கூண்ட என்ன செய்யப் போறீக?"

"ஒரு புரோட்டாக் கடையில கல்லாவுக்குக் கேட்டாக. மீட்டரு மதுரையில ஒருத்தரு எடுப்பாரு. போர்டத் திருப்பி எழுதிக்கிறலாம்" என்று அவன் பாட்டுக்குச் சொன்னான்.

தீபா டெம்போவைச் சுற்றி வந்தாள். "டைப்ரைட்டிங் சாமான யாரு வித்தா?"

"நாந்தேன்."

"கேசட் ராக்கு? ஏசி மெசினு?"

"நாந்தேன்."

"கடை திறக்குறதுக்கு ஊருபூரா ஆளு கெடக்கு மச்சான். மூடுறதுக்கு இந்த ஜில்லாவுக்கே நீங்க ஒருத்தருதேன். இதையே சோலியா வச்சுக்கிட்டா என்ன? எவன் வந்து ஒங்களை மூடுவான்?"

நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தேன். பொன்னழகு சிரிக்கவில்லை. இறங்கி நின்றான்.

தை ஒண்ணாந்தேதி தொழில் ஆரம்பம். முதல் போணி யார் என்று நினைக்கிறீர்கள்? மாமன் பொன்னுத்துரை! மாமனுக்கு ரொம்ப நாளாக எரியோட்டில் எஸ்டிடி பூத்து போட ஆசை. பூத்துகள் செல்போனால்தான் மூடுகின்றன என்று மீசை வைத்தவன், வைக்காதவன் எல்லாரும் சொல்லிப் பார்த்தோம்.

"செல்லும் இல்ல, கில்லும் இல்ல" என்றார் மாமன். "எல்லாம் இவன் காலு. சோலையம்மா பூத்துல இவன் இருந்தான், போச்சு. ஏ பூத்துல இவன் இருக்க மாட்டான், நிக்கும். கூண்ட எடுத்தா. மாப்ளே, ஒண்ணு மட்டும். பூத்து இருக்குற தெருப் பக்கம் நீ காலே வைக்கப்படாது."

"சரி மாமா" என்றான் பொன்னழகு. கூண்டை நான்தான் இறக்கினேன். மஞ்சத் தண்ணீர் தெளித்து, பூசணிக்காய் உடைத்து, சோலையம்மாள் பூத்திலிருந்த சனியனையெல்லாம் விரட்டி, வாழைமரம் கட்டித் திறந்தார் மாமன்.

பொன்னழகு சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். அந்தத் தெரு வழியாகப் போனால் அவன் வீட்டுக்கு ஒரு பீடி பிடிக்கிற நேரம். அதை விட்டுவிட்டு, தக்காளிக் காட்டு வரப்பு, முள்ளு வேலி, ஓடை, ஒரு கடிநாய் என்று சுற்றிச் சுற்றிப் போவான். அந்த வருஷம் அந்த நாய்க்கும் அவனுக்கும் உறவே ஆகிவிட்டது.

தொழில் என்னவோ பிய்த்துக்கொண்டு ஓடியது. பூத்து, போட்டோ கழுவுகிற கடை, ஆடியோ கேசட் கடை, வாட்சு ரிப்பேர் என்று ஒவ்வொன்றாக ஆள் விட்டார்கள். மூடுகிறவர்களுக்கு வெட்கம் இருக்கும் என்பது அவனுக்குத் தெரியும். அதனால் விடிவதற்கு முன்னால் வந்து, சத்தமில்லாமல் எடுத்து, வாசலைக் கூட்டிவிட்டுப் போவான். முதலாளிகள் அவன் கையைப் பிடித்துக்கொள்வார்கள். ஒரே தொல்லை, டீ குடிக்க முடியாது. எங்கள் டெம்போ ஒரு கடை முன்னால் நின்றால் போதும், முதலாளிக்குக் கடன் கொடுத்தவனெல்லாம் ஓடிவருவான். டீ மாஸ்டர் கும்பிட்டபடியே, "அண்ணே, அங்கிட்டே நில்லுங்க, டீய நானே கொண்டாறேன்" என்பார். எரியோட்டிலிருந்து வடமதுரை வரை நாங்கள் குடித்த டீயெல்லாம் நடு ரோட்டில்தான்.

மறுபொங்கல் வந்தது. காலையில் பொங்கல் பொங்கி முடிந்ததும், மாமன் வரச்சொன்னதாக ஆள் வந்தது. பொன்னழகு புதுச் சட்டை போட்டு, ஓடை வழியாகவே போனான். நாய் வாசல் வரை வந்து வழியனுப்பியது. நானும் போனேன், இந்த வேடிக்கையை விட முடியுமா?

மாமன் மீசை அன்றைக்கு எட்டு இருபது காட்டும் கடிகாரமாகத் தொங்கியது. கல்யாணப் பேச்சு வரும் என்று பார்த்தால், தொண்டையைச் செருமிக்கொண்டு, "மாப்ளே, அந்தப் பூத்த... செத்த ஏறக்கட்டணும்" என்றார்.

பொன்னழகு திகைத்துப்போய் என்னைப் பார்த்தான்.

"ஒரு பய பேச வரலப்பா. வாரவன் எல்லாம் 'மாமோவ், ப்ளக்கு பாயிண்டு எங்க இருக்கு, செல்லுக்குச் சார்ஜ் போடணும்'ங்கிறான். மாசாமாசம் கரண்டு பில்லு கட்டுறது நானு."

தீபா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள். "அப்பா, பூத்து எப்பத் திறந்தீக?"

"போன தையில."

"இப்ப என்ன மாசம்?"

"தை."

"ஒரு பொங்கல்ல இருந்து மறுபொங்கல் தாண்டல. இந்த லெச்சணத்துல ஒங்களுக்கு யாருப்பா பொண்ணு குடுப்பா?"

அடுப்படியிலிருந்து தீபாவின் அம்மா வாய்விட்டுச் சிரித்தது கேட்டது. மாமனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "எல்லாம் இவன் காலு..." என்று ஆரம்பித்தார்.

"மச்சான் காலு அந்தத் தெருப் பக்கம் ஒரு நாளு வந்துச்சா? வருசம்பூரா ஓடையில நடந்து, நாய்க்கடி வாங்கிக்கிட்டுத் திரியிறாக. கேட்டுப் பாருங்க நாயக் கேட்டு."

மாமன் வாயைத் திறந்தார். அப்புறம் மூடினார். அந்த வருஷம் எரியோட்டில் மூடிய முதல் கடை அதுதான்.

பிறகு குரலை இறக்கிக் கேட்டார். "ஏப்பா, ஒஞ்சோலி எப்ப மூடும்?"

"ஊருல ஒரு கடையும் மூடலைன்னா மூடிரும் மாமா."

மாமன் யோசித்தார். திண்டுக்கல், வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் என்று கடைகடையாக மனதுக்குள் நடந்து பார்த்தார் போல. "அப்ப எம்மகளுக்கு மட்டுமில்ல, பேரன் பேத்திக்கும் கஞ்சி இருக்கு" என்றார்.

வைகாசியில் கல்யாணம். பத்திரிகை வைக்கத்தான் பெரும்பாடு. எந்தக் கடைக்காரரும் எங்களை உள்ளே விடவில்லை. எல்லாரும் ரோட்டுக்கு வந்து நின்று வாங்கிக்கொண்டார்கள். கிதர் முகம்மது பாய் டெம்போ ஜன்னல் வழியாகவே கையை நீட்டி வாங்கி, "மாப்ள, எறங்காதீங்க, எறங்காதீங்க, கட்டாயம் வாரேன்" என்றார். சொன்னபடி வந்து, ரெண்டு பந்தி சாப்பிட்டார்.

கூண்டை மட்டும் பொன்னழகால் விற்க முடியவில்லை. விற்றால் பூத்தை மூடிவிட்டார் என்று ஊர் சிரிக்கும் என மாமன் ஒரே பிடியாக நின்றார். கடைசியில் அதைத் தெருவிலிருந்து எடுத்து, வீட்டுப் பின்பக்கம் கோழிக்கூண்டாக வைத்துக்கொண்டார். தமிழ்நாட்டிலேயே கண்ணாடி ரூமில், மேலே ஃபேனோடு, எஸ்டிடி, ஐஎஸ்டி என்று எழுதிய வீட்டில் முட்டையிடுகிற கோழிகள் எங்கள் ஊர்க் கோழிகள்தான்.

போன வாரம்கூட யாரோ ஒரு வெளியூர்க்காரர் மாமனிடம் கேட்டார். "என்னண்ணே, பூத்த மூடிட்டீகளாமே?"

மாமன் மீசையை முறுக்கிக்கொண்டு கூண்டைக் காட்டினார். உள்ளே ஒரு அடைக்கோழி அசையாமல் உட்கார்ந்திருந்தது.

"எவன் சொன்னான்? லைனு பிசியா இருக்கு."